தாயின் ரத்தத்தில் பிள்ளையின் செல்

"தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் செல்லைப் பிரித்துப் பரிசோதித்துவிட்டால், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுப்பதைத் தவிர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு முடியாது. கும்பகோணத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஆனால் இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அக்காவுக்காக.

மன்னார்குடிப் பக்கம் தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டவள் அக்கா. 38 வயதில் இரண்டாவதாக உண்டானாள். வயதைப் பார்த்து மருத்துவர் என்.ஐ.பி.டி. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்; தாயின் ரத்தத்தை வைத்தே பிள்ளையின் குரோமோசோம்களில் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில்) குறை இருக்குமா என்று கணிப்பது அது. நான்தான் ரத்தம் எடுத்தேன். அந்தக் குழாயைக் குலுக்கக் கூடாது; மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். தாயின் வெள்ளணுக்கள் உடைந்தால் அவளுடைய டி.என்.ஏ. கொட்டி, பிள்ளையின் பங்கு அதில் கரைந்துபோகும். அன்று என் கை நடுங்கியது.

பலர் நினைப்பதுபோல் இதில் பிள்ளையின் செல்லைத் தேடுவதில்லை. ரத்த நீரில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத்தான் எண்ணுகிறார்கள். அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கர்ப்பத்தைச் சேர்ந்தது. டென்னிஸ் லோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997இல் இதைக் கண்டறிந்தார்கள்.

செல்லைத் தேடும் முயற்சி அதைவிடப் பழையது. பிள்ளையின் செல் தாயின் ரத்தத்தில் வருவது உண்மைதான். ஆனால் ஒரு மில்லி ரத்தத்தில் தாயின் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 400 கோடி. பிள்ளையின் செல் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். களத்தில் குவித்த நெல்லில் ஒரே ஒரு மணியைத் தேடச் சொல்வதுபோல. பெரியவர்களின் சிவப்பணுவில் உட்கரு (டி.என்.ஏ. இருக்கும் மையம்) இருக்காது, கருவின் தொடக்கக் காலச் சிவப்பணுவில் இருக்கும் என்பதை அடையாளமாக வைத்துத் தேடினார்கள். கர்ப்பகாலத்தில் தாயிடமும் அப்படிச் சில அணுக்கள் தென்படுவதால் அதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

இன்னொரு சிக்கல் என்னை உலுக்கிவிட்டது. ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலும் ஆண் செல்கள் இருந்ததை 1996இல் டயானா பியாங்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்டார்கள். அப்படியானால் அக்காவின் ரத்தத்தில் அகப்படும் செல் வயிற்றிலிருக்கும் பிள்ளையுடையதா, பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் மூத்தவனுடையதா? துணுக்குகளில் இந்தக் குழப்பம் இல்லை. பிரசவமானதும் அவை விரைவில் மறைந்துவிடும்.

அக்காவின் முடிவு வந்தது. ஒன்று கூடினால் டவுன் நோய்க்குறியைத் தரும் 21ஆம் குரோமோசோமில் குறை தெரியவில்லை. 13இல் ஒன்று கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றிருந்தது. அந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டுவதில்லை. "ரிப்போர்ட்டே சொல்லிவிட்டதே, இன்னும் எதற்கு ஊசி?" என்றார் மாமா. நான் சண்டை போட்டேன். அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. குறை நஞ்சுக்கொடியோடு நின்று, பிள்ளை நன்றாக இருக்கவும் கூடும். அதனால்தான் இது கணிப்பே தவிர முடிவு அல்ல. பதினாறாவது வாரம்வரை, நான்கு வாரங்கள் காத்திருந்தோம். யாரையும் வளைகாப்புப் பேச்சை எடுக்கவே அக்கா விடவில்லை. பனிக்குட நீர்ப் பரிசோதனையில் 46 குரோமோசோம்களும் சரியாக இருந்தன. அந்தப் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எல்லோருக்கும் இப்படி அமையாது. கணிப்பு பலருக்கு உண்மையாகவே இருந்துவிடும், 21இல் மிக அதிகமாக.

செல்லுக்கான தேடலை ஆய்வாளர்கள் கைவிடாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முழுச் செல் கிடைத்தால் பிள்ளையின் மரபணு முழுவதும் கிடைக்கும். எங்கள் டெல்டா போல உறவில் கட்டும் ஊர்களுக்கு அது பெரிய விஷயம். இரு பக்கமும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்து வருவதால் உண்டாகும் நோய்களை வழக்கமான என்.ஐ.பி.டி. பார்ப்பதே இல்லை. அதற்குப் பெற்றோர் இருவரின் மரபணுவையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

நீங்களும் உறவில் கட்டியவர் என்றால், மருத்துவரிடம் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கைக்குழந்தையாக இறந்தவர்களின் விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாச்சி அக்காவுக்கு மாமியாரும்கூட. தமக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பிள்ளை தவறியதை அந்த நான்கு வாரங்களில்தான் முதன்முதலாக வாய்திறந்து சொன்னார்.