ஆவணமே இல்லாத பழைய மென்பொருளில், ஒரு வசதிக்கான கோட் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோடைப் படிக்க உட்காரும் முன் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிஸ்டங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. இதைவிட நம்பகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பெரும்பாலோர் முதலில் பெயரை வைத்துத் தேடுவார்கள். ஜாவாவில் எழுதிய ஒரு பில்லிங் மென்பொருளில் 'கூப்பன்' என்று தேடியபோது திரைக்கான ஃபைல்களும் டேபிள் பெயர்களும்தான் வந்தன. தள்ளுபடியைக் கழிக்கும் கிளாஸின் பெயரில் அந்தச் சொல்லே இல்லை. கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் பெயரைப் பார்த்து ரன்டைமில் லோட் ஆகிற கிளாஸ் அது. அதனால் கோட் எழுதும் கருவியான ஐடிஇ-யில் தேடினாலும் அதை யாரும் அழைப்பதாகக் காட்டாது.

மென்பொருள் ஆய்வாளர்கள் நார்மன் வைல்டும் மைக்கேல் ஸ்கல்லியும் 1995-இல் எழுதிய முறை இதற்கு அப்படியே பொருந்தும். வசதியைப் பயன்படுத்தி ஒரு தடவை ஓட்டுங்கள், பயன்படுத்தாமல் ஒரு தடவை. முதலாவதில் ஓடிய மெத்தட்களிலிருந்து இரண்டாவதில் ஓடியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அந்த வசதிக்கே உரியது. ஜாவாவுக்கு, எந்தக் கோட் ஓடியது என்று பதிவு செய்யும் கவரேஜ் கருவியான ஜாக்கோகோவின் ஏஜெண்ட் போதும். நெட்வொர்க் வழியாகக் கட்டளை ஏற்கும் டிசிபி சர்வர் மோடில் வைத்தால், அப்ளிகேஷனை நிறுத்தாமலே அதுவரை பதிவானதை டம்ப் எடுத்து, பதிவை அழித்து ரீசெட் செய்யலாம். சி, சி++ என்றால் அதே வேலைக்கு ஜிகாவ்.

முழுக் கவனமும் வேண்டியது இரண்டாவது ஓட்டத்தில். அதே லாகின், அதே பொருள், அதே அளவு. கூப்பன் மட்டும் கூடாது. வேறு மாதிரி பில் போட்டால் ஸ்டாக், பிரிண்டர் என்று சம்பந்தமில்லாததெல்லாம் பட்டியலில் வந்து நிற்கும். அளக்கும் முன் சாதாரண பில் ஒன்றைப் போட்டுவிட்டு ரீசெட் செய்யுங்கள். முதல் தடவை மட்டும் ஓடும் கேஷ் (cache, தற்காலிக நினைவகம்) ஏற்றும் வேலைகள் அதிலேயே முடிந்துவிடும். பின்னணியில் நேரப்படி ஓடும் ஷெட்யூலர் த்ரெட்களும் நடுவில் புகும். ஆகவே இரண்டையும் சில தடவை ஓட்டி, கூப்பன் போட்ட எல்லா ஓட்டத்திலும் வந்த, போடாத எதிலும் வராத மெத்தட்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவற்றில் ஒன்றில், ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்து கால் ஸ்டாக்கைப் பாருங்கள். எது எதை அழைக்கிறது என்பது அங்கேதான் தெரியும். கவரேஜ் எது ஓடியது என்று மட்டுமே சொல்லும்.

கழிந்துபோனதையும் விட்டுவிடாதீர்கள். தள்ளுபடிக்குப் பின் வரி கணக்கிடும் மெத்தட் இரண்டிலும் ஓடுவதால் பட்டியலில் வராது. ஆனால் தள்ளுபடியில் கைவைத்தால் முதலில் அடிபடுவது அதுதான். காலாவதியான கூப்பனுக்கான கோடும் இதில் சிக்காது. அதைத் தனியாக ஓட்ட வேண்டும். அப்போது ஒப்பிட வேண்டியது செல்லுபடியாகும் கூப்பன் போட்ட ஓட்டத்தோடு.