சிறுவயது மனப் பிரச்சினைகள் வளர வளரத் தானாகப் போய்விடுமா?

போய்விடும் என்றுதான் என் அம்மம்மாவும் சொன்னார். எனக்கு இப்போது முப்பத்தாறு வயது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் வீடு. ஐந்தாம் ஆண்டில், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலத்தில், காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடித்ததும் எனக்கு வயிறு வலிக்கும். சில நாள் சத்தியும் வரும். ஓமத் தண்ணீர் தந்தார்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தந்தார்கள், கோயிலில் நூலும் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி வருவதே இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பின் வாங்கில் இருந்து சண்டை பிடித்தவனின் தாய் தகப்பனை அடிக்கடி கூப்பிட்டார்கள். என் தேர்ச்சி அறிக்கையில் "மிகவும் அமைதியான பிள்ளை" என்று எழுதினார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பாராட்டு அது.

இப்போது கந்தோரில் திங்கட்கிழமைக் கூட்டம் என்றால் அதே வயிறு. பதவி உயர்வுக்கான நேர்முகத்தேர்வு இரண்டைத் தவறவிட்டேன். மனைவியிடம் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சிறுவயது முதல் தொடர்ந்து ஆராய்கிறார்கள். 26 வயதில் மனநலக் கோளாறு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஏதோவொரு கோளாறு இருந்திருக்கிறது. 18 வயதுக்கு முன்பு என்று பார்த்தால் நாலில் மூன்று பங்கு. இதைத் தலைகீழாக வாசித்துப் பயப்படாதீர்கள். பயந்த பிள்ளைகள் பலர் நன்றாகவே வளர்கிறார்கள். சிலருக்குச் சிறுவயதுப் பதற்றம் பிறகு மனச்சோர்வாக உருமாறுவதும் உண்டு.

"அங்கொடைக்கா போகிறாய்?" என்று மனநல வைத்தியசாலை இருக்கும் ஊரைச் சொல்லிச் செய்யும் கொழும்புக் கேலிக்குப் பயந்தே பல வருடம் வைத்தியரிடம் போகவில்லை. போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "வயிறு வலித்தால் வீட்டில் நிற்க விடுவார்களா?" விடுவார்கள். நின்றதும் வலி போய்விடும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி போட்டது என்றார். விலகிய ஒவ்வொரு தடவையும், விலகினால்தான் தப்பலாம் என்று மனம் படித்துக்கொள்ளுமாம். மருந்து எழுதவில்லை. கூட்டத்தில் ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு.

முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

போன மாதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "பூச்சி என்றல்லவா டொக்டர் சொன்னார்" என்றார்.