பௌர்ணமி அன்று டாரட் சீட்டு எடுத்தால் மனக்காயம் ஆறுமா?

சீட்டு ஆற்றாது, நிலாவும் ஆற்றாது. ஆனால் இரண்டையும் சாக்காக வைத்து ஒரு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்தால், உள்ளே அடைத்து வைத்திருப்பது கொஞ்சமாவது வெளியே வரும். டாரட் என்ற இந்தப் படச்சீட்டுக்கட்டு பிறந்ததே 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், சும்மா சீட்டாட்டத்துக்காக. குறி சொல்லும் வேலை ரொம்பப் பிந்தித்தான் அதன் தலையில் ஏறியது. பௌர்ணமி எதற்கு என்றால், ஏறக்குறைய 29.5 நாளுக்கு ஒருமுறை வானமே ஞாபகப்படுத்திவிடும், அவ்வளவுதான்.

78 சீட்டையும் கலைத்து ஒன்றே ஒன்று எடுங்கள். விளக்கப் புத்தகத்தைப் புரட்டாமல் முதலில் படத்தைப் பாருங்கள். ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வந்த சீட்டுக்கட்டில் 'கோப்பை ஐந்து' என்று ஒரு சீட்டு. கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்துத் தலைகுனிந்து நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் இரண்டு சாயாமல் நிற்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முதல்முறை இது வந்தபோது எரிச்சலில் சீட்டுக்கட்டை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் 'கொட்டிப்போனது எது, மிச்சம் எது' என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

'அவர் திரும்பி வருவாரா' என்று கேட்காதீர்கள், 'இது ஏன் இன்னும் வலிக்கிறது' என்று கேளுங்கள். பிடிக்காத சீட்டு வந்தால் மறுபடி மறுபடி எடுப்பதும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், சீட்டெல்லாம் அப்புறம். சரி, நிலா வெளிச்சத்தில் சீட்டை இரவெல்லாம் வைக்கணுமா? பனியில் நமுத்துப் போகும்.