அம்மாவின் பெட்டியில் என் கடிதங்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 66. தென்மாவட்டத்தில் ஒரு பழைய ஜமீன் குடும்பம் எங்களுடையது. 1948 சட்டத்தோடு ஜமீன் போனது. அரண்மனைப் பழக்கங்கள் போகவில்லை. எட்டு வயதில் என்னை ஊட்டியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள், அடுத்த வருடம் தம்பியையும். ஞாயிறுதோறும் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். டீச்சர் படித்துத் திருத்திய பிறகுதான் உறையை ஒட்டுவார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அரண்மனை மேனேஜர் கதவுக்கு வெளியே நின்று தமிழில் சொல்லுவாராம். பதிலும் அவர் கையெழுத்தில்தான் வரும்: "தாயார் சௌக்கியம். நன்றாகப் படிக்கவும்."

தை மாதம் அம்மா தவறிவிட்டார். அவருடைய தேக்குப் பெட்டியில் எங்கள் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அது வந்து சேர்ந்த நாளைப் பென்சிலால் தானே எழுதியிருக்கிறார். ஆவணி 12, புரட்டாசி 3 என்று. தேதி எழுதிய கைக்கு எனக்கு ஒரு வரி எழுத வரவில்லையா? எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்குத் தூக்கமே இல்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 'அம்மா பாவம்' என்று அவசரமாகச் சமாதானமாகிவிடாதீர்கள். எட்டு வயதுப் பெண் அம்மாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள்; அது வரவேயில்லை.

ஏன் எழுதவில்லை என்பதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடிதங்கள் போய்வந்த வழியைப் பாருங்கள். அங்கே டீச்சர், இங்கே மேனேஜர். ராத்திரி அழுதேன் என்று உங்களால் எழுதியிருக்க முடியுமா? அம்மா எழுதும் ஒரு வரியும் மேனேஜர் கை வழியாகத்தானே தபாலுக்குப் போக வேண்டும்?

ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா 1770-இல் தன் 14 வயது மகள் மரீ அந்துவானெத்தை மணமுடித்துப் பிரான்சுக்கு அனுப்பினார். அதன்பின் இருவரும் நேரில் பார்க்கவே இல்லை. 1780-இல் தாய் இறக்கும்வரை கடிதங்கள்தான். மனம்விட்டு எழுத முடிய வேண்டும் என்பதற்காகவே, தன் கடிதங்களைக் கிழித்துவிடச் சொன்னார் அந்த அம்மா. அதே அம்மா, தூதர் மெர்சியிடமிருந்து மகளைப் பற்றி ரகசிய அறிக்கைகளும் வாங்கிக்கொண்டிருந்தார். பேரரசியின் வீட்டிலேயே தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இத்தனை பேர்.

உங்கள் அம்மா ஒன்றையும் கிழிக்கவில்லை. தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்த காகிதத்தில், யார் தயவும் இல்லாமல் அவரால் எழுத முடிந்தது அந்தத் தேதியாக இருக்கலாம். இது என் ஊகம்தான். மனசுக்கு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது ஒரே ஒரு கடிதத்தை எடுங்கள். அந்த வாரம் உண்மையில் என்ன நடந்தது என்பதை வேறொரு தாளில் அம்மாவுக்குத் தமிழில் எழுதுங்கள். திருத்த யாரும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்தும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

அப்புறம், தம்பியோடு வாதாட வேண்டாம். அவருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைகள்தானே. அவர் எழுதியவற்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள். எரிப்பதா வைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். உங்கள் கட்டு உங்களிடமே இருக்கட்டும்.