பாதியில் நிற்கும் பின்னல்: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

கைவேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். வீடு பாளையங்கோட்டையில், வங்கி வேலை அம்பாசமுத்திரத்தில். தினமும் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை ரயிலைப் பிடித்துப் போய் வருகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படிக்கிறார்கள்.

என்னிடம் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. டெல்லியில் இருக்கும் அண்ணனுக்கு ஸ்வெட்டர்: 4 மி.மீ. ஊசி, 110 கண்ணி. பின்பக்கம் முடிந்தது, முன்பக்கம் பாதி, கைகள் இன்னும் தொடங்கவில்லை. தங்கைக்குத் தை மாதம் பேறுகாலம். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போட வேண்டும், பருத்தி நூல் வாங்கி வைத்ததோடு சரி. மூன்றாவது குரோஷா மேசைவிரிப்பு, 36 சதுரத்தில் 11 முடிந்திருக்கிறது.

இரவில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. எடுத்துப் பார்த்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது, எண்ணி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். புரட்டாசியும் வந்துவிட்டது. மாமியார் வேறு, “இந்த வேக்காட்டுல எதுக்குளா கம்பளி, இது நம்ம ஊரு வேலையா?” என்கிறார். எதை விடுவது, எதை முடிப்பது?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள சகோதரி,

எதையும் விட வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள நேரம் போதும். எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுத்தர வேகத்தில் பின்னும் கை நிமிடத்துக்கு 20 கண்ணி, அதாவது ஊசியில் 20 வளையம், போடும். உங்கள் ஊசிக்கும் அதற்கேற்ற நூலுக்கும் 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 28 வரிசை வரும். முன்பக்கத்தில் பாதி என்றால் 85 வரிசை, 110 கண்ணி, ஒன்பதாயிரத்துச் சொச்சம். கழுத்துப் பட்டைக்கு இன்னொரு 1,500. மொத்தம் ஒன்பது மணி நேர வேலை, அதாவது உங்கள் 27 இரவுகள். கைகள் இரண்டுக்கும் சேர்த்து 16 மணி நேரம் ஆகும். பிறந்த குழந்தையின் தொப்பி 72 கண்ணி, ஏறக்குறைய 40 வரிசை, உச்சியில் குறைந்துகொண்டே போகும். 2,600 கண்ணிக்கு மேல் வராது, இரண்டேகால் மணி நேரத்தில் முடியும். காலுறை ஜோடிக்கு இரண்டரை மணி நேரம். இப்படி எழுதிப் பார்த்தாலே மலைப்பு பாதி குறைந்துவிடும்.

வரிசையின் நடுவில் நிறுத்துவதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். நடுவில் நிறுத்திய பின்னலை மறுநாள் எடுக்கும்போது ஊசிகள் கை மாறிப் போகும். வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவீர்கள். அந்த இடத்தில் சின்ன ஓட்டை விழும், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை கூடிவிடும். பத்து வரிசை தாண்டித்தான் அது கண்ணில் படும், பிறகு அத்தனையும் பிரிக்க வேண்டும். அதோடு, நடுவில் விட்ட பின்னல் நாள்கணக்கில் கிடந்தால் இரண்டு ஊசிக்கும் இடையில் உள்ள கண்ணிகள் இழுபட்டுத் தளர்ந்துபோகும். துவைத்தாலும் அந்தத் தடம் முழுதாக மறையாது. தவிர்க்க முடியாமல் நடுவில் நிறுத்த நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பந்திலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்கு. வழவழப்பான பக்கம் உங்களைப் பார்த்தால் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), முடிச்சு முடிச்சான பக்கம் பார்த்தால் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடுவது).

இனி ரயில். ஸ்வெட்டரின் உடம்பை ரயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கனமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர் மடியில் விழும். முதல் இரண்டு வாரம் தொப்பியும் காலுறையும். அவை முடிந்ததும் ஸ்வெட்டரின் கைகள். நீள ஊசி வேண்டாம், 60 செ.மீ. வட்ட ஊசி (இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைத்திருக்கும்) வாங்குங்கள். அதில் முன்னும் பின்னுமாகத் தட்டையாகவும் பின்னலாம், முழங்கை அடுத்தவரை இடிக்காது, ஒரு ஊசி மட்டும் இருக்கைக்கு அடியில் உருண்டு போகிற தொல்லையும் இல்லை. நூல் பந்து மடியில் இருக்கக் கூடாது. கழுத்துச் சுருக்கு வைத்த துணிப்பையில் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர் கைக்கு நான் சொல்லும் கணக்கு இது. மணிக்கட்டுப் பட்டைக்கு மேல் 52 கண்ணியில் தொடங்குங்கள். 6 வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். 22 முறை கூட்டினால் 96 கண்ணி. 132 வரிசை, 47 செ.மீ. நீளம். கூட்டலை ஆறாவது வரிசையில் வைக்காமல் முதல் வரிசையிலேயே செய்துவிடுங்கள், மீதி ஐந்தும் வெறும் வரிசை. ஆரம்பத்தில் இந்த 6 வரிசைக்குப் பதினாறு நிமிடம் பிடிக்கும், தோள் நெருங்கும்போது அரை மணி நேரம். ஒரு பயணத்துக்கு ஒரு ஆறு வரிசை, அவ்வளவுதான். 6 இரட்டைப்படை எண் என்பதால் ஒவ்வொரு முறையும் நிட் வரிசையில்தான் தொடங்குவீர்கள், எந்தப் பக்கம் என்ற கேள்வியே வராது. ஒவ்வொரு கூட்டலிலும் ஓரக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள். எத்தனை ஊக்கோ அத்தனை ஆறு வரிசை முடிந்தது. எண்ண வேண்டியது அது மட்டுமே.

சேரன்மகாதேவியில் மூன்றாவது வரிசையாவது முடிந்திருந்தால் நிதானமாகப் போகலாம். வீரவநல்லூர் தாண்டியதும் புது வரிசை தொடங்காதீர்கள். கல்லிடைக்குறிச்சியில் பின்னல் பைக்குள் போயிருக்க வேண்டும்; அடுத்து இறங்கும் அவசரத்தில்தான் கண்ணி நழுவும். உட்கார இடம் கிடைக்காத நாளில் பையைத் திறக்கவே வேண்டாம். 44 பயணத்தில் இரண்டு கையும் முடியும். வேலைநாள் கணக்கில் 22. விடுப்பு, கூட்டம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதம் வைத்துக்கொண்டாலும் டெல்லியில் குளிர் இறுகுவதற்கு முன் கைகள் தயார்.

இரவு இருபது நிமிடத்தில் முன்பக்கத்தை மட்டும் எடுங்கள். 110 கண்ணிக்கு ஐந்தரை நிமிடம், ஆகவே ஒரு இரவுக்கு மூன்று வரிசை. நான்காவதைத் தொட வேண்டாம். கழுத்துக்காகக் கண்ணிகளைக் குறைக்கும் இடம் வந்துவிட்டால் அதை ஞாயிறு பகலுக்கு ஒதுக்குங்கள், தூக்கக் கண்ணில் குறைப்பு தப்பும். குறைப்பு தொடங்குவதற்கு முந்தைய வரிசையில் ஒரு காப்பு நூல் கோத்து வையுங்கள்: வேறு நிறத்தில் மெல்லிய தையல் நூல், மொட்டை ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டிவிட வேண்டும். பிழை வந்தால் அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம்.

தொடர்வதற்கு முன் இரண்டு சோதனை. பின்பக்கத்தை எப்போது பின்னினீர்கள்? சித்திரை வெயிலில் என்றால் வியர்த்த கை நூலை இறுக்கிப் பிடித்திருக்கும், இப்போது கை தளர்ந்திருக்கும். 10 செ.மீ.க்கு 22 என்பது 23 ஆனாலே 110 கண்ணியின் அகலம் 50 செ.மீ.யிலிருந்து 47.8க்கு இறங்கிவிடும், பக்கத் தையல் ஒட்டாது. அளவுநாடா வைத்து இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கண்ணி வித்தியாசம் இருந்தால் கால் மி.மீ. கூடக்குறைய உள்ள ஊசிக்கு மாறுங்கள். அடுத்தது ஊசி எண். நம் கடைகளில் 8 என்றால் 4 மி.மீ., எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க வீடியோவில் 8 என்றால் 5 மி.மீ., அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். இது தெரியாமல் வட்ட ஊசி வாங்கினால் கை மட்டும் பெரிதாக வந்து நிற்கும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

கைகளுக்கு நூல் போதாது என்று தோன்றினால் இப்போதே வாங்குங்கள், பழைய லேபிளில் உள்ள லாட் நம்பரை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலின் எண்) காட்டி. அதே லாட் கிடைக்காவிட்டால் இரண்டு கையையும் புது நூலிலேயே பின்னிவிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சின்ன நிற மாற்றம் கண்ணை உறுத்தாது.

குழந்தைக்குப் பருத்தி எடுத்தது நல்ல முடிவு. பருத்தி நூல் கம்பளி போல இழுபட்டுத் திரும்பாது, அதனால் தொப்பியின் விளிம்பில் 4 செ.மீ.க்கு நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பின்னுங்கள், இல்லையென்றால் கண்ணுக்கு மேல் வழியும். தாடைக்குக் கீழே கட்டும் கயிறு வைக்காதீர்கள். காலுறைக்குள் நூல் நுனி எதுவும் தொங்கக் கூடாது, பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடும். ஓட்டை ஓட்டையான டிசைனும் அதே காரணத்தால் வேண்டாம்.

நிறையப் பேருக்குப் பின்னல் முடிந்தும் உடுப்பு முடியாது. நூல் நுனிகளைக் கோப்பதும் தைப்பதும் மாதக்கணக்கில் கிடக்கும். புதுப் பந்து சேர்த்த அன்றே பழைய நுனியை 5 செ.மீ. உள்ளே ஓட்டி வெட்டிவிடுங்கள். தைப்பதற்கு முன் துண்டுகளை நனைத்து, பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, கோரைப் பாயில் இன்னொரு துவாலை விரித்து, அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்கட்டும். நூல் அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது, சூட்டில் பின்னல் செத்துத் தட்டையாகிவிடும்.

மேசைவிரிப்புக்கு அவசரம் எதுவும் இல்லை. குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே கண்ணி. அதில் ஒரு ஊக்கை மாட்டி, கொக்கியின் அளவையும் டிசைனையும் எழுதிக் கூடவே வைத்துவிட்டால் ஒரு வருடம் கழித்துக்கூடத் தொடரலாம். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரிடம் இடையன்குடியைப் பற்றிச் சொல்லுங்கள். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அங்கே வந்த எலைசா, ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் அதைத் தொடங்கியிருந்தார். செம்மணல் தேரிக்காட்டு வெயிலில், பனையேறும் குடும்பத்துப் பெண்கள் தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் போட்ட வேலை அது. பெண்கள் கையில் நாலு காசு புரள அது வழி செய்தது. கம்பளி வேண்டுமானால் டெல்லிக்காக இருக்கட்டும், நூல் வேலை இந்தச் சீமைக்குப் புதிது இல்லை.

கைகளைத் தொடங்குவதற்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். அவருக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து மணிக்கட்டு விளிம்பு வரை அளந்து சொல்லட்டும். பட்டையின் 5 செ.மீ.யைக் கழித்து 47க்குப் பக்கத்தில் வந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 43 வந்தால் 20 முறை கூட்டினால் போதும், 92 கண்ணியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.