அப்பாவுக்கு யூரோலித்தின் மாத்திரை வாங்கலாமா?

தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி ஏற 66 வயது அப்பா திணறுகிறார், யூரோலித்தின் (மாதுளை போன்றவற்றிலுள்ள பொருளிலிருந்து குடல் பாக்டீரியா உண்டாக்கும் சேர்மம்) மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள், நண்பரே.

தசைச் செல்களுக்கு ஆற்றல் தருபவை மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள். அவற்றில் பழுதானதன் வெளிச்சவ்வில் பிங்க்-1 புரதம் தேங்கும். அது பார்க்கின் புரதத்தை அழைக்கும். அழிக்க வேண்டியது என்று பார்க்கின் முத்திரை குத்தியதும், சவ்வுப்பை ஒன்று அந்த மைட்டோகாண்ட்ரியாவை விழுங்கி, செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோமில் கரைத்துவிடும். வயது ஏற ஏற இந்தத் துப்புரவு வேலை மந்தமாகிறது. யூரோலித்தின் அதைத் தூண்டலாம். ஆனால் 2022-இல் வெளியான முதியோர் ஆய்வில் தசைத் தாங்குதிறன் கூடியதே தவிர, ஆறு நிமிட நடைத்தூரத்தில் போலி மாத்திரையைவிடத் தெளிவான முன்னேற்றம் இல்லை.

முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதயம், ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் சம்மதித்தால் தினமும் நடக்கட்டும். உடற்பயிற்சியும் இதே துப்புரவைத் தூண்டுகிறது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலை மட்டும் வேண்டாம், உள்தெருவே போதும்.