சோடாப் போத்தலில் டொய்லெட் கழுவும் திரவம்

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்கு வருகிற ஒருவர் தரை கழுவும் திரவம், டொய்லெட் கழுவும் திரவம் எல்லாம் கேனில் கொண்டுவந்து அளந்து ஊற்றித் தருகிறார். கடையைவிட மலிவு. வெறும் சோடாப் போத்தல்களில் வாங்கி வைக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது. பிள்ளைகள் திறக்க முடியாத மூடியுள்ள போத்தல் வாங்கி அதில் ஊற்றி வைத்தால் போதுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போதாது. அழுத்திக்கொண்டே திருகுகிற அந்த மூடி பிள்ளையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பெரியவர்கள் சரியாக இறுக்காமல் வைத்தால் அதுவும் இல்லை.

முதலில் சோடாப் போத்தலை விடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது குடிக்கிற சாமான். டொய்லெட் கழுவும் திரவம் பெரும்பாலும் அமிலம். ஒரு மிடறு போதும், வாயும் தொண்டையும் வெந்துவிடும். அளந்து ஊற்றியதில் லேபலும் இல்லை. என்ன குடித்தது என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மிச்சம் பிடிக்கிற காசு இதற்குப் பெறாது. லேபல் ஒட்டிய போத்தலில் வாங்கி, அதிலேயே வையுங்கள். சிங்குக்குக் கீழே வேண்டாம். பிளட்டில் உயரத்தில் இடமில்லை என்பீர்கள். மேல்தட்டில் தூங்குகிற சீதனப் பாத்திரங்களைக் கீழே இறக்கலாமே!

கரண்ட் போனால் விளக்குக்கென்று வைத்திருக்கும் மண்ணெண்ணெய்க்கும் இதுவே. இலங்கையில் சின்னப் பிள்ளைகள் தவறுதலாகக் குடிப்பவற்றில் அது வெகுகாலமாக முன்னணியில் நிற்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: பாமசியில் குளிசையை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். குளிசை அடைத்து வருகிற, பெயர் அச்சிட்ட கார்டோடு கேட்டு வாங்குங்கள். அம்மம்மாவின் சீனி வருத்தக் குளிசைகளில் சில வகை, ஒன்றிரண்டே பிள்ளையின் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசையும் லேசுப்பட்டதல்ல. பார்வைக்கு இனிப்பு மாதிரியே இருக்கும்.

அப்படியும் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அமிலம் திரும்பி வரும்போது இன்னொரு தடவை சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரமில்லை. கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது. போகும்போது அந்தப் போத்தலையோ குளிசைக் கார்டையோ கையோடு கொண்டுபோங்கள்.